பிறவிப் பிழையும் பின்னால் பட்ட அடியும்

மாடிப்படி ஏறி வருகிற காலடியை வைத்தே, வருகிறவர் காசை விற்க வருகிறாரா, சும்மா காட்ட வருகிறாரா என்று எனக்குத் தெரிந்துவிடும். விற்க வருகிறவர்கள் விறுவிறுவென்று ஏறுவார்கள். காட்ட வருகிறவர்கள் பாதிப்படியில் ஒருமுறை நின்று சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். என் கடைக்குக் காட்ட வருகிறவர்கள்தான் அதிகம், ஐயா. அதனால் பெரிய வருமானம் இருந்ததில்லை. ஆனால் அந்தப் பாதிப்படி நிறுத்தத்தைக் காதில் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது எனக்குப் பிடிக்கும். யாரோ வந்துவிட்டார் என்பதைவிட, யாரோ வரப்போகிறார் என்பது நன்றாக இருக்கும்.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். சொல்கிறேன். ஒளிக்க எதுவும் இல்லை.

கீழே சலவைக்கடை, மேலே நான். கடை என்று பெயர்தானே தவிர ஒரே கூடம். நடுவில் ஒரு மர அலமாரியைத் தடுப்பாக நிறுத்தி, முன்பக்கம் வியாபாரம், பின்பக்கம் கட்டிலும் அடுப்பும். பழைய நாணயங்களை வாங்கி விற்பேன். பிசகிய காசுகளைப் பார்த்துச் சொல்வேன். தெருவில் எல்லாரும் நாணயக்காரர் என்பார்கள்.

பிசகிய காசில் இரண்டு சாதி உண்டு. நாணயச்சாலையில் அச்சடிக்கும்போதே பிழையாகப் பிறந்தது ஒன்று. ஒழுங்காகப் பிறந்து, வெளியே வந்தபிறகு அடிபட்டது இன்னொன்று. முதலாவதைத் தேடி வாங்க ஆள் உண்டு. இரண்டாவது, பார்க்க எவ்வளவு விசித்திரமாக இருந்தாலும், முகத்தில் போட்டிருக்கிற மதிப்புக்கு மேல் போகாது. சாதாரணக் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். லென்ஸ் வைத்தால் தெரியும். பிறவிப் பிழையில் உலோகம் தண்ணீர் போல வழிந்து, போன இடத்தில் அடங்கியிருக்கும். அடிபட்டதில் உலோகம் தள்ளப்பட்டிருக்கும். ஓரத்தில் கிழிசல் இருக்கும். பட்ட இடம் மட்டும் பளபளக்கும். கீழே இருக்கிற சலவைக்கடைக்காரர் ஒருமுறை மூச்சிரைக்க ஓடிவந்து ஒரு காசைக் காட்டினார். விளிம்பு சுருண்டு, எழுத்தெல்லாம் நடுவில் நெருக்கித் தள்ளப்பட்டிருந்தது. அவருடைய உலர்த்தும் இயந்திரத்துக்குள்ளேயே மாதக்கணக்கில் உருண்ட காசு அது. சொன்னதும் அவருக்கு என் மேல் கோபம். காசு அவருடையது, இயந்திரம் அவருடையது, கோபம் மட்டும் என் பங்கு.

பெரும்பாலானவர்களுக்கு நான் 'இல்லை' என்றுதான் சொல்லவேண்டியிருக்கும். இல்லை என்று கேட்டவர் மறுபடி படி ஏறமாட்டார். அபூர்வமாக 'ஆமாம்' என்று கேட்டவரும் ஏறமாட்டார், விற்றுக்கொண்டு போய்விடுவார். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. தொழில் அப்படி.

கண்டக்டர் மட்டும் திரும்ப வந்தார்.

டவுன் பஸ்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகி, இரண்டு தெரு தள்ளி ஓர் அறையில் தனியாக இருந்தார். அவருக்கு ஒரு பெயர் இருந்தது. ஆனால் அவருடைய சொந்த மகளே போனில், "கண்டக்டர் சார் இருக்காரா" என்றுதான் கேலியாகக் கேட்பாள். தோல்பையில் விழுந்த சில்லறையில் கோணலாகத் தெரிந்ததையெல்லாம், சொந்தக் காசைப் போட்டு மாற்றிக்கொண்டு, ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். முதல்நாள் அதிலிருந்து ஒரு பிடி அள்ளி என் மேசையில் கொட்டினார். நான் ஒவ்வொன்றாகப் பார்த்துச் சொன்னேன். இது சுத்தியல் அடி. இது தண்டவாளத்தில் வைத்தது. இது அமிலத்தில் ஊறியது. இது துளை போட்டு மறுபடி அடைத்தது. அவர் முகம் வாடவில்லை. எல்லாவற்றையும் திரும்ப அள்ளிக்கொண்டு சொன்னார்: "சரி தம்பி. டப்பால இன்னும் நிறைய இருக்கு. அடுத்த வாரம் பாக்கலாம்."

தம்பி என்று என்னை யாரும் கூப்பிட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. கல்யாணம் ஆகவில்லை. ஆகாததற்குக் கதை எதுவும் கிடையாது. பெண் பார்க்கிறோம் என்றவர்கள் பார்த்துக்கொண்டே இருந்தார்கள், பிறகு ஒவ்வொருவராக இல்லாமல் போனார்கள். அவர் படியிறங்கிப் போனபிறகு நானும் இறங்கிப்போய் ஒரு தம்ளர் வாங்கி வந்தேன். அதுவரை என்னிடம் ஒன்றுதான் இருந்தது.

வாராவாரம் வந்தார். காசு பார்க்கிற வேலை கால்மணி நேரத்தில் முடிந்துவிடும். பேச்சு பொழுது சாயும்வரை போகும். அவருடைய வண்டியில் ஒரு கிழவர் தினமும் கடைசி நிறுத்தத்துக்கு டிக்கெட் எடுப்பாராம். இறங்காமல் அதே வண்டியில் திரும்பி வருவாராம். ஏன் என்று கேட்டதற்கு, பக்கத்து சீட்டில் யாராவது உட்காருவார்கள் இல்லையா என்றாராம். இதைச் சொல்லிவிட்டுக் கண்டக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். நானும் சிரித்தேன். எனக்கு அதில் சிரிப்பதற்கு என்ன இருக்கிறது என்று புரியவில்லை.

இப்போது உங்கள் மேசையில், காகித உறைக்குள் வைத்திருக்கிறீர்களே, அந்தக் காசுக்கு வருகிறேன்.

ஒருநாள் அவர் டப்பாவின் அடியிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தார். ஒரு பக்கம் வழக்கமான தலை, மேடாக. திருப்பினால் பூ இருக்கவேண்டிய இடத்தில் அதே தலை, பள்ளமாக, கண்ணாடியில் தெரிவது போல இடம்வலமாக. முகம் உள்ளே போய்விட்ட காசு. நாணயச்சாலையில் எப்போதாவது இப்படி நடக்கும். அடித்து முடித்த காசு வெளியே போகாமல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டுவிடும். அடுத்து வருகிற வெற்று வில்லை அதன் மேல் மோதி அதன் முகத்தை வாங்கிக்கொள்ளும். இதைப் போலி செய்கிறவர்களும் உண்டு. சாதாரணக் காசின் பூப்பக்கத்தில் இன்னொரு காசை வைத்து, பட்டறை வைஸில் கொடுத்து இறுக்குவார்கள். பள்ளமான முகம் வந்துவிடும். ஆனால் வைஸின் இரும்புப் பல்லில் படுகிற மறுபக்கம் நசுங்கிப்போகும். பள்ளத்துக்கு அடியில் பூவின் சுவடும் இருக்கும். இதில் நசுக்கலும் இல்லை, சுவடும் இல்லை. மேட்டுப்பக்கத்துத் தலையில் மூக்கு, உதடு, மயிரிழைகூட அச்சில் இருந்தபடியே இருந்தது.

காசைத் திருப்பி இன்னொருமுறை பார்த்தேன். அவர் கவனிக்கவில்லை. ஜன்னல் பக்கம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்.

"இது மட்டும் நெசமா இருந்துச்சுன்னு வை, தம்பி, வித்துட்டு மக ஊருக்குப் போயிடுவேன். வா வான்னு உயிர வாங்குறா. வெறுங்கையோட போயி மருமகன் வீட்டுல உக்காரக் கூச்சமா இருக்கு. காலம் பூரா ஊருக்கெல்லாம் டிக்கெட் கிழிச்சேன். எனக்குன்னு ஒண்ணு கிழிச்சதில்ல."

நான் லென்ஸைக் கீழே வைத்தேன். "வைஸ்ல வச்சு அழுத்தினது அண்ணே" என்றேன்.

"அப்படியா" என்றார். அவ்வளவுதான். என் வாயிலிருந்து வருவதை அவர் ஒருநாளும் இன்னொரு இடத்தில் காட்டிச் சரிபார்த்ததில்லை. தெரு என்னை நாணயக்காரர் என்றால் அவர் நாணயஸ்தன் என்பார். அந்தச் சிலேடையில் அவருக்கு ஒரு பெருமை.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் எனக்கு அரைகுறை வேலை பிடிக்காது. பொய் சொல்லிவிட்டோமே என்று உறுத்தியது. இன்னும் ஒருமுறை பார்க்கிறேன் என்று அந்தக் காசை வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் போனதும், பள்ளமான பக்கத்துக்கு ஒரு தோல்துண்டைக் கொடுத்து, மேடான தலையை இரும்பில் வைத்து, வைஸை முறுக்கினேன். அரைச்சுற்றுப் போதுமாக இருந்தது. மூக்கு போயிற்று. அதன்பிறகு நான் சொன்னது பொய்யில்லை. உங்கள் நிபுணர் பூவின் சுவடு இல்லை, ஆகவே இது பிறவிப் பிழைதான், நசுங்கல் பிறகு வந்தது என்று எழுதியிருப்பதாகச் சொன்னீர்கள். நல்ல கண். நான் மறுக்கவில்லை.

அவர் அதை டப்பாவில் போட்டுக்கொண்டார். நான் அவரிடமிருந்து ஒரு காசுகூட எடுத்ததில்லை, ஐயா. வேண்டுமானால் டப்பாவைக் கவிழ்த்துப் பாருங்கள்.

பிறகுதான் கண் விஷயம் வந்தது. இடது ஓரத்தில் வருகிற சைக்கிள் தெரியவில்லை என்று ஒருநாள் முட்டியில் சிராய்ப்போடு வந்தார். நான்தான் கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன், இதையும் எழுதிக்கொள்ளுங்கள். கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறது, ஓரப்பார்வை கொஞ்சம் போய்விட்டது, போனது வராது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். தினமும் சாயங்காலம் ஒரு சொட்டு மருந்து, ஆயுசுக்கும். கண்டக்டருக்கு அதற்குள் கை ஆட ஆரம்பித்திருந்தது. சொட்டு கன்னத்தில் விழும், மூக்கில் விழும், கண்ணில் மட்டும் விழாது. "நான் விடறேன் அண்ணே" என்றேன்.

அப்படித்தான் வாராவாரம் என்பது தினமும் என்று ஆயிற்று.

சாயங்காலம் படியேறி வருவார். நாற்காலியில் சாய்வார். ஒரு கையால் இமையை விலக்கி, மறுகையால் சொட்டு விடுவேன். எரிச்சல் பொறுக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு, "உன் மருந்துல மொளகாத்தூள் இருக்குப்பா" என்பார். கண்ணை மூடிக்கொண்டு கொஞ்சநேரம் அசையாமல் இருக்கவேண்டும். அந்தக் கொஞ்சநேரம் நாங்கள் இருவரும் பேசமாட்டோம். கீழே இயந்திரம் சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்கும். ஒரு மனிதர் என் எதிரில் கண்ணை மூடிக்கொண்டு, என்னை நம்பி, சும்மா உட்கார்ந்திருப்பார். என் ஆயுளில் அந்த நேரத்துக்கு ஈடாக ஒன்று சொல்லச் சொன்னால் என்னால் முடியாது.

மருந்து நன்றாக வேலை செய்தது. அழுத்தம் இறங்கிவிட்டது, இப்படியே போனால் பயமில்லை என்றார் டாக்டர். அன்று திரும்பி நடக்கும்போதுதான் கண்டக்டர் அதைச் சொன்னார். மகள் வீட்டில் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறார்களாம். அழைத்துப்போய் விட ஆளில்லையாம். மருந்தை நானே விடுகிறேன் அப்பா, நீங்கள் பிள்ளையை மட்டும் பார்த்துக்கொண்டால் போதும் என்றாளாம்.

"வெறுங்கையா போறோமேன்னு இருந்துச்சு. இப்ப வேலை இருக்குல்ல. கண்ணு இருக்கு, காலு இருக்கு. பிள்ளைய ரோடு தாண்டி விட்டுக் கூட்டியாந்துடுவேன். அது போதும், தம்பி."

நல்லது அண்ணே என்றேன். மனதாரத்தான் சொன்னேன். அன்று சாயங்காலம் அவருக்கு மருந்து விட்டு, அவர் போனபிறகு, அந்தச் சின்னப் புட்டியைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மறுநாள் அதைக் காலி செய்து, தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைத்து, கண் உறுத்தாமல் இருக்கத் துளி உப்புப் போட்டு நிரப்பினேன். சுத்தமாகத்தான் செய்தேன். அசுத்தமான தண்ணீர் கண்ணுக்கு எவ்வளவு கெடுதல் என்று உங்களுக்கே தெரியும்.

என் கணக்கு சின்னக் கணக்குதான். கொஞ்சம் மங்கினால் பயணத்தைத் தள்ளிப்போடுவார். குருடாக்க வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை. அந்த வார்த்தையை நீங்கள்தான் சொன்னீர்கள்.

"இப்ப எரிச்சலே இல்ல தம்பி. உன் கை பழகிடுச்சு" என்றார் அவர்.

எவ்வளவு மங்குகிறது என்று தெரிந்துகொள்ளாமல் செய்கிறவன் இல்லை நான். மேசையில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை காசுகளை வரிசையாக வைத்து, நேரே பார்த்தபடி எதுவரை தெரிகிறது என்று கேட்பேன். அவருக்கு அது விளையாட்டு. முதலில் வலது ஓரம்வரை தெரிந்தது. பிறகு ஓரத்துக் காசு விட்டுப்போயிற்று. பிறகு அதற்கடுத்தது. மழைக்காலம் முடிகிறபோது நடுவில் இருந்தவை மட்டும் தெரிந்தன. ஒவ்வொரு முறையும், இதோடு நிறுத்திவிடலாம் என்று நினைப்பேன். அவரோ ஒவ்வொரு முறையும், கண் சரியானதும் கிளம்பிவிடவேண்டும் என்பார். எப்படி நிறுத்துவது?

டாக்டரிடம் மறுபடி போனோம். அழுத்தம் ஏறியிருந்தது. டாக்டருக்குப் புரியவில்லை. மருந்தை ஒழுங்காக விடுகிறீர்களா என்று கேட்டார். கண்டக்டர் வாயைத் திறப்பதற்குள் நான், "ஒருநாள்கூட தவறல டாக்டர்" என்றேன். அது உண்மை. இன்னொரு புட்டி எழுதிக் கொடுத்தார். அதையும் நான்தான் வாங்கினேன், நான்தான் பார்த்துக்கொண்டேன். ஒரு ஆபரேஷன் செய்துபார்க்கலாம் என்றும் சொன்னார். கத்தி என்றாலே கண்டக்டருக்குப் பயம். என் முகத்தைப் பார்த்தார். "அவசரப்பட வேணாம் அண்ணே" என்றேன். வற்புறுத்துவது என் சுபாவம் இல்லை.

அதன்பிறகு வெகுநாள் ஆகவில்லை. ஒரு காலை அவருடைய பக்கத்து அறைக்காரர் வந்து கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். கட்டிலின் விளிம்பில், ஒரு செருப்பை மட்டும் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்னொன்று காலுக்கு அருகிலேயே கிடந்தது. "விடிஞ்சிடுச்சா தம்பி" என்று கேட்டார். வெயில் அவர் மடியில் விழுந்துகொண்டிருந்தது. நான் குனிந்து அந்தச் செருப்பை மாட்டிவிட்டேன்.

அவர் அழவில்லை. என் கூடத்துக்குக் கூட்டிவருகிற வழியில் ஒன்றே ஒன்று கேட்டார். "அவளுக்குத் தெரிய வேணாம். கண்ணு போனவனாப் போயி அவ தலைல பாரமா உக்கார மாட்டேன். நீதான் சமாளிக்கணும்." அவருடைய மானம் எனக்குத் தெரியும், ஐயா. தெரியாமல் எதையும் ஆரம்பிக்கவில்லை. சமாளித்தேன். போன் வந்தால் எடுத்து, அப்பா நன்றாக இருக்கிறார், இங்கே ஒரு வேலை இருக்கிறது, அடுத்த மாதம் வருவார் என்பேன். அந்தப் பெண் என்னைச் சித்தப்பா என்று கூப்பிட ஆரம்பித்திருந்தாள். நீங்க இருக்கிற தைரியத்துலதான் நான் நிம்மதியா இருக்கேன் சித்தப்பா என்பாள். அவர் கேட்டதைத்தான் நான் செய்தேன்.

அறையைக் காலி செய்து அவரை என் கூடத்துக்குக் கொண்டுவந்தேன். கட்டில் அவருக்கு, தரை எனக்கு. காலையில் ரொட்டியைத் தேநீரில் தோய்த்துக் கையில் கொடுப்பேன். குளிக்கவைப்பேன். சட்டைப் பொத்தானைப் போட்டுவிடுவேன். பேப்பர் படித்துக் காட்டுவேன். படியில் யாராவது பாதியில் நின்றால், "காட்ட வர்ற ஆளு" என்று அவரே சொல்லுவார். அந்த வித்தையை அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தேன். இரவு விளக்கை அணைத்தபிறகு இருட்டில் இன்னொரு மூச்சு கேட்கும். நான் தூங்காமல் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். அவருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. சாயங்காலச் சொட்டைக்கூட நிறுத்தவில்லை. இருக்கிற வெளிச்சமாவது தங்கட்டும் என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார்.

பொழுதுபோக டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு காசுகளை விரலால் பிரிப்பார். ஓடுகிற பஸ்ஸில் இருட்டில் சில்லறை கொடுத்த விரல்கள் அவை. ஒரு மதியம் அவர் கை நின்றுவிட்டது.

"தம்பி, இது அந்தக் காசுதானே? முகம் உள்ள போனது."

ஆமாம் என்றேன்.

கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார். "நான் உன்கிட்ட கொடுத்தப்ப மறுபக்கம் மூக்கு எடுப்பா இருந்துச்சு. தொட்டா குத்தும். அதனாலதான் தனியா எடுத்து வச்சேன். இப்ப மழுங்கிக் கிடக்கு."

கீழே இயந்திரம் சுற்றி முடித்து நின்றது.

"எரிச்சல் நின்னப்பவே கேட்டிருக்கணும்" என்றார். என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை. பிறகு என் பக்கம் முகத்தைத் திருப்பினார். சரியாக நான் இருக்கிற பக்கம் இல்லை; அலமாரியின் பக்கம். "மருந்தும் இப்படித்தானா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். அவர் நம்பியும் இருப்பார். ஆனால் இத்தனை நாள் ஒரே கூரைக்குக் கீழே இருந்தவரிடம் பொய் சொல்ல மனம் வரவில்லை. "ஆமா அண்ணே" என்றேன். "நீங்க போயிடுவீங்கன்னுதான்."

அவர் கத்தவில்லை. என்னைத் திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். காசை டப்பாவில் போட்டு மூடினார். டப்பாவைக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார். "மகளுக்குப் போன் போடு" என்றார்.

போனை எடுத்து அவர் காதில் வைத்தேன். எண்ணை அழுத்தவில்லை. கொஞ்சநேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு, "எடுக்கல அண்ணே, வேலையா இருப்பா" என்றேன். மறுநாளும் கேட்டார். மறுநாளும் வைத்தேன். சத்தமே இல்லாத போனைக் காதில் வைத்துக்கொண்டு அவர் பொறுமையாகக் காத்திருப்பார். மூன்றாவது முறையோ நான்காவது முறையோ, என் கையை மெதுவாகத் தள்ளிவிட்டார். அதற்குப் பிறகு கேட்கவில்லை. அதற்குப் பிறகு என்னோடு எதுவுமே பேசவில்லை.

அவள் கூப்பிடத்தான் செய்தாள். அப்பா தூங்குகிறார், அப்பா குளிக்கிறார் என்றேன்.

வெளியே போனால் கதவைப் பூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தேன். அதைச் சிறைவைத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். படி எவ்வளவு செங்குத்து என்று நீங்களே ஏறிப் பார்த்தீர்கள். பார்வை இல்லாத மனிதர் அதில் கால் வைத்தால் என்ன ஆகும்? வாடிக்கையாளர்கள் வருவதையும் நிறுத்தினேன். உடம்பு சரியில்லை என்று கீழே ஓர் அட்டை மாட்டினேன். கதவு தட்டாத, படி ஏறாத நாட்கள். நாங்கள் இருவர் மட்டும். ஆனால் ஒன்று சொல்லவேண்டும்: ஆள் எதிரில் இருந்து, பேசாமல் இருந்தால், அது ஆளே இல்லாததைவிடக் கஷ்டம். நான் பேசிக்கொண்டே இருப்பேன். பழைய காசுகளைப் பற்றி, பேப்பரில் வந்ததைப் பற்றி, அவரே சொன்ன பஸ் கதைகளைக்கூட அவருக்குத் திரும்பச் சொன்னேன். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார்.

பிறகு கைத்தடியால் தரையில் தட்ட ஆரம்பித்தார். இரண்டு தட்டு. கொஞ்சம் இடைவெளி. மறுபடி இரண்டு தட்டு. பஸ்ஸில் ஒரு விசில் கொடுத்தால் நிற்கவேண்டும், இரண்டு கொடுத்தால் புறப்படவேண்டும். கீழே சலவைக்கடைக்காரருக்கு அது புரிய நியாயமில்லை. என்ன சத்தம் என்று கேட்டார். தண்ணீர்க்குழாய் என்றேன். மேலே வந்து, கம்பளியை நாலாக மடித்து, தடி விழுகிற இடத்தில் போட்டேன். அவர் தடியை நகர்த்தி வேறு இடத்தில் தட்டினார். அவர் கையிலிருந்து நான் தடியைப் பிடுங்கவில்லை. அவர் உறங்கும்போது எடுத்து அலமாரிக்கு மேல் வைத்தேன். அவ்வளவுதான்.

அன்று நான் ரொட்டி வாங்கப் போயிருந்தேன். அவர் செருப்பைக் கழற்றி, அதன் குதிகாலால் தட்டியிருக்கிறார். சலவைக்கடைக்காரர் மேலே வந்து பூட்டுக்கு இந்தப்பக்கம் நின்று யாரென்று கேட்டிருக்கிறார். மிச்சம் உங்களுக்குத் தெரியும். நான் திரும்பியபோது தெருவில் கூட்டம். நாலுபேர் கைத்தாங்கலாக அவரைப் படியில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு கால் செருப்பு இல்லாமல் இருந்தது. மாட்டிவிடலாம் என்று முன்னால் போனேன். யாரோ என் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். வாங்கிவந்த ரொட்டி கையில் இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஆகவே நான் ஒப்புக்கொள்கிறேன். காசை நசுக்கியது நான்தான். மருந்தை மாற்றியது நான்தான், முதல் புட்டியும் அதற்குப் பிறகு வந்த எல்லாப் புட்டிகளும். அவருடைய இரண்டு கண்ணும் போனது என்னால்தான். அவர் கேட்டபோது போகவிடாமல் பூட்டி வைத்ததும் நான்தான். எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள், போடுகிறேன். எதையும் மாற்றி எழுதச் சொல்லமாட்டேன். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை என்று மட்டும், இடம் இருந்தால், ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்டேன். நீங்கள் முதலில் சொல்ல விரும்பவில்லை. என்னைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை, எந்தத் தண்டனையும் கேட்கவில்லை, மகள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தபோதுகூட வாய் திறக்கவில்லை என்றீர்கள். ஒரே ஒரு கோரிக்கைதான் வைத்தாராம். தன்னை எங்கே அழைத்துப்போனாலும் சரி, என் குரல் கேட்காத இடமாக இருந்தால் போதும் என்றாராம்.

மகள் ஊர் ரயிலில் ஒருநாள் தூரம், ஐயா. அங்கே என் குரல் எப்படிக் கேட்கும்? அப்படியும் கேட்கும் என்று பயப்படுகிறார் என்றால், இன்னமும் அவர் என்னைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்.